பாதி அட்டை மாத்திரை

   

இன்றைய பேச்சு மாத்திரையைப் பற்றியது. எல்லா மாத்திரையும் அல்ல. கிருமியைக் கொல்லும் மாத்திரை. டாக்டர்கள் இதை 'ஆன்டிபயாடிக்' என்பார்கள். கடைக்குப் போகிறவர்கள் 'பவர் மாத்திரை' என்று கேட்பார்கள். இது மாத்திரையாக வரும். கேப்சூலாக வரும். ஊசியாக வரும். குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்கும் மருந்தாகவும் வரும்.

இந்த மருந்து கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே மருந்து இப்போது பல பேருக்கு வேலை செய்யாமல் போகிறது. ஏன் இப்படி? அதைத் தெரிந்துகொள்ள முதலில் ஒரு கதை.

ஒரு கொட்டகையில் நடந்த கதை

இது ஒரே ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்லும் கதை.

பெங்களூர் நகரம். அடுக்குமாடி கட்டும் இடம். பக்கத்தில் தகரக் கொட்டகைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே தர்மபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போன ஒரு குடும்பம் இருந்தது. அப்பா கொத்தனார். அம்மா சித்தாள். மகளுக்கு ஒன்பது வயது. தண்ணீர் லாரியில் வரும். தொட்டியில் நிற்கும். எல்லாரும் அதைத்தான் குடிப்பார்கள்.

ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல். தலைவலி. சோறு இறங்கவில்லை.

"ஏங்க, புள்ளைக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாமா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா ரெண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போயிடும். நான் கடையில மாத்திரை வாங்கிட்டு வர்றேன்" என்றார் அப்பா.

மருந்துக் கடையில் கூட்டம். "தம்பி, புள்ளைக்குக் காய்ச்சல். நல்ல பவரா மாத்திரை குடு" என்றார்.

"எத்தனை நாளைக்குண்ணே?"

"ரெண்டு நாளைக்குக் குடு, போதும்."

கடைக்காரத் தம்பி கத்தரிக்கோலை எடுத்தான். அட்டையை வெட்டினான். நான்கு மாத்திரை வந்தது. மருந்தின் பெயர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது.

இரண்டு நாளில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. மாத்திரையும் தீர்ந்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனார்கள். நான்காம் நாள் காய்ச்சல் திரும்பவும் வந்தது. திரும்பவும் கடை. இந்த முறை வேறு மாத்திரை. அதுவும் மூன்று நாளைக்குத்தான். காய்ச்சல் விடவில்லை. பத்தாம் நாள் மகளால் எழுந்து நிற்க முடியவில்லை. வயிறு வலிக்கிறது என்று அழுதாள். அப்போதுதான் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா கேட்டார்: "இது வரைக்கும் என்ன மாத்திரை குடுத்தீங்க?"

"வெள்ளை மாத்திரைங்க டாக்டரம்மா. கொஞ்சம் பெரிசா இருக்கும்."

"பேரு என்ன?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. வெட்டிய அட்டையில் பெயர் இல்லை.

இரத்தம் எடுத்தார்கள். அதிலிருந்த கிருமியை வளர்த்துப் பார்த்தார்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆயின. நோய் டைபாய்டு. அந்தக் கிருமிக்கு வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரை எதுவும் கேட்காது என்று தெரிந்தது. ஊசி மருந்துதான் கேட்கும். தினமும் ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருக்க வேண்டியிருந்தது.

மகள் பிழைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப் போய் இரண்டு வாரக் கூலி போனது. மேஸ்திரியிடம் வாங்கிய கடனும் சேர்ந்தது. டைபாய்டு முற்றினால் குடலில் ஓட்டை விழும். உயிருக்கே ஆபத்து. அந்த வரைக்கும் போகாதது அந்தக் குடும்பத்தின் நல்ல காலம்.

வீட்டுக்குப் போகும் நாளில் அம்மா அழுதுகொண்டே கேட்டாள்: "நாங்க ரெண்டு நாள் மாத்திரை குடுத்ததாலதான் இப்படி ஆச்சுங்களா?"

டாக்டரம்மா சொன்னார்: "அப்படி மட்டும் சொல்ல முடியாதும்மா. இந்தக் கிருமி தண்ணியில வரும்போதே மருந்துக்கு அடங்காத கிருமியா வந்திருக்கலாம். எங்கேயோ யாரோ செஞ்ச தப்பு உன் புள்ள மேல வந்து விழுந்திருக்கலாம். நீங்க செய்யற தப்பு நாளைக்கு இன்னொரு புள்ள மேல விழும். அதுதான் இதுல இருக்கிற ஆபத்து."

இந்தப் பேச்சின் சாரம் டாக்டரம்மாவின் அந்தச் சொற்களில் இருக்கிறது. அவர் சொன்னதை இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

அடங்காமல் போவது எது?

"மாத்திரை என் உடம்புக்குப் பழகிப் போச்சு. அதான் கேட்கல" என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. மருந்துக்கு அடங்காமல் போவது மனிதரின் உடம்பு அல்ல. உடம்புக்குள் இருக்கும் கிருமிதான் அடங்காமல் போகிறது. அந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடப் போடாதவரையும் அது பிடிக்கும்.

கிருமி எப்படி அடங்காமல் போகிறது? இது விவசாயிக்கு நன்றாகத் தெரியும். பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கிறார். முதல் ஆண்டு பூச்சி செத்துவிடுகிறது. ஆனால் எல்லாப் பூச்சியும் சாவதில்லை. பலமான சில பூச்சிகள் பிழைத்துக்கொள்கின்றன. அவை குஞ்சு பொரிக்கின்றன. குஞ்சுகளும் பலமாகவே பிறக்கின்றன. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே மருந்து அடித்தால் பூச்சி சாவதில்லை. "மருந்து கேட்க மாட்டேங்குது" என்று விவசாயி தலையில் கை வைக்கிறார்.

உடம்புக்குள் கிருமிக்கும் இதுதான் நடக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். பூச்சி பெருகப் பல நாட்கள் ஆகும். கிருமிக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. தீனியும் சூடும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். இன்னொரு 20 நிமிடத்தில் இரண்டு நான்காகும். பிறகு நான்கு எட்டாகும். கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பாருங்கள். ஒரு கிருமி 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டிவிடும்! பிழைத்த கிருமி ஒன்றே ஒன்று என்றாலும் அதுவே போதும்.

இன்னொரு செய்தியும் உண்டு. மருந்திலிருந்து தப்பிக்கும் தந்திரத்தை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கொடுத்துவிடும். ஒரு வகைக் கிருமி வேறு வகைக் கிருமிக்கும் கொடுக்கும். அதனால்தான் தேவையில்லாமல் போடும் ஒவ்வொரு மாத்திரையும் ஆபத்து. எந்தக் கிருமியைக் குறிவைத்துப் போட்டாலும், வயிற்றில் இருக்கும் மற்றக் கிருமிகளும் அந்தத் தந்திரத்தைப் பழகிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது.

கண்டுபிடித்தவரே சொன்ன எச்சரிக்கை

அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற விஞ்ஞானி லண்டனில் இருந்தார். 1928-ல் அவர் கிருமி வளர்த்த ஒரு தட்டில் பூசணம் பிடித்துவிட்டது. பழைய ரொட்டியில் பிடிக்குமே, அது போன்ற பூசணம். அதைச் சுற்றி இருந்த கிருமிகள் செத்துக் கிடந்தன. அந்தப் பூசணத்திலிருந்து பிறந்த மருந்துதான் பென்சிலின். 1945-ல் அவருக்கும், அந்த மருந்தை நோயாளிகளுக்குப் பயன்படும்படி ஆக்கிய ஃபுளோரி, செயின் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு வாங்கிய இடத்தில் அவர் பெருமை பேசிவிட்டுப் போகவில்லை. ஓர் எச்சரிக்கை சொன்னார். ஒரு கற்பனைக் கதையாகவே சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. அவரே பென்சிலின் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். போட்ட அளவு போதவில்லை. கிருமி சாகவில்லை. மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நுரையீரல் காய்ச்சல் வருகிறது. பென்சிலின் கொடுக்கிறார்கள். கேட்கவில்லை. மனைவி இறந்துபோகிறாள். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? இதுதான் ஃபிளெமிங் கேட்ட கேள்வி.

அப்போது இந்தியாவில் பென்சிலின் தொழிற்சாலையே கிடையாது. 1954-ல்தான் புனே பக்கத்தில் பிம்ப்ரி என்ற ஊரில் அரசு நிறுவனம் தொடங்கியது. மருந்து இங்கே தயாராகும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. அதைக் காதில் போட்டுக்கொள்ளாததன் விலையை இப்போது உலகமே கொடுக்கிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக 2022-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

டைபாய்டு சொல்லும் பாடம்

கொட்டகைக் குழந்தைக்கு வந்த டைபாய்டையே எடுத்துக்கொள்வோம்.

1948 முதல் டைபாய்டுக்குக் குளோரம்பெனிக்கால் என்ற மருந்து கொடுத்தார்கள். நன்றாகக் கேட்டது. 1972-ல் கேரளத்தின் கோழிக்கோட்டில் டைபாய்டு பரவியது. அங்கே பல நோயாளிகளுக்கு அந்த மருந்து கேட்கவில்லை. கிருமி தந்திரம் பழகிவிட்டது. 1990 வாக்கில் இந்தியாவின் பல பகுதிகளில் அதுவரை கொடுத்துவந்த மூன்று மருந்துகளும் ஒரே நேரத்தில் கேட்காமல் போயின. பிறகு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மாத்திரை வந்தது. அதையும் எல்லாக் காய்ச்சலுக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அதற்கும் டைபாய்டு கிருமி அடங்காமல் போனது. இப்போது ஊசி மருந்தையும் இன்னும் ஓரிரு மாத்திரைகளையும்தான் பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.

இப்படி ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வருகிறது. புதிய மருந்து கண்டுபிடிப்பது எளிதல்ல. பல ஆண்டுகள் ஆகும். அதனால் இருக்கும் மருந்தைக் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

டைபாய்டு வராமலே தடுக்கவும் வழி உண்டு. அது தண்ணீரிலும் உணவிலும் வரும் நோய். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் குடித்தால், மலம் கழித்த பிறகும் சாப்பிடும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவினால், கழிப்பறையைப் பயன்படுத்தினால் நோய் குறையும். தடுப்பூசியும் இருக்கிறது. 2018-ல் மகாராஷ்டிராவின் நவி மும்பை மாநகராட்சி தன் குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசியைப் போடத் தொடங்கியது. நோயே வராவிட்டால் மாத்திரையும் தேவையில்லை. கிருமிக்குத் தந்திரம் பழக வாய்ப்பும் இல்லை.

காசநோய் சொல்லும் பாடம்

காசநோய்க்கு முதலில் வந்த மருந்து ஸ்ட்ரெப்டோமைசின். 1940-களில் வந்தது. நோயாளிகள் தேறினார்கள். சில மாதங்களில் பலருக்கு நோய் திரும்பியது. ஒரே மருந்தைக் கொடுத்ததால் கிருமி அதைச் சமாளிக்கப் பழகிவிட்டது. அதனால்தான் காசநோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

இந்த வழியில் நம் நாட்டுக்கும் பெருமை உண்டு. 1956-ல் சென்னையில் ஓர் ஆய்வு தொடங்கியது. பாதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்து நல்ல உணவும் ஓய்வும் மருந்தும் கொடுத்தார்கள். மீதிப் பேருக்கு ஏழைக் குடிசைகளிலேயே மருந்து கொடுத்தார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள்! மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குடிசையிலும் குணமாகலாம் என்று உலகம் கற்றுக்கொண்டது.

'ஒழுங்காக' என்ற சொல்லைக் கவனியுங்கள். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும். பசி எடுக்கும். உடம்பு தேறும். "குணமாகிவிட்டது" என்று நினைத்து நிறுத்தினால் ஒளிந்திருக்கும் கிருமி எழுந்து வரும். இந்த முறை பழைய மருந்துக்கு அடங்காமல் வரலாம். அதைக் குணப்படுத்த முன்பெல்லாம் ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. 2024-ல் இந்திய அரசு புதிய 6 மாத மருந்து முறைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆனாலும் அந்த மருந்துகள் கடுமையானவை. டாக்டரின் கண்காணிப்பு வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காக 2018-ல் மாதம் 500 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆனது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

எதற்கு இந்த மாத்திரை வேண்டாம்?

நோயை உண்டாக்கும் நுண்ணுயிர்களில் பல வகை உண்டு. அவற்றில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று பாக்டீரியா. இன்னொன்று வைரஸ். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. பூட்டுக்குப் பொருந்தாத சாவி போல.

சளி, ஃபுளு காய்ச்சல், டெங்கு, அம்மை ஆகியவை வைரஸால் வருபவை. தொண்டை வலியில் பெரும்பாலானவையும் வைரஸால் வருபவைதான். இவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. சளி மருந்தில்லாமலே சில நாட்களில் போய்விடும். ஓய்வும் சூடான கஞ்சியும் போதும்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் பெரும்பாலும் இந்த மாத்திரை இல்லாமலே சரியாகும். வேண்டியது ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மாத்திரையும். ஒரு லிட்டர் பாக்கெட்டைக் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று இந்தப் பேச்சு சொல்லவில்லை. தேவைப்படும்போது கொடுக்காவிட்டால் உயிர் போகும். அப்படிப்பட்ட அடையாளங்களைத் தாய்மார்கள் நினைவில் வைக்க வேண்டும்.

குழந்தைக்கு இருமலோடு மூச்சு வேகமாக இருந்தால் அது நிமோனியாவாக இருக்கலாம். ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணுங்கள். பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பக்கம் உள்ளே குழிந்தாலும் ஆபத்து. கூலியைப் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மலத்தில் இரத்தம் வந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் விடாவிட்டாலும் போக வேண்டும். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக்கூடாது. குழந்தை பால் குடிக்காமல், கூப்பிட்டால் விழிக்காமல் இருந்தாலும் உடனே ஓட வேண்டும்.

கோழிக்கும் மாத்திரையா?

ஆம், கோழிக்கும் மீனுக்கும் மாட்டுக்கும்கூட இந்த மருந்துகளைக் கொடுக்கிறார்கள். நோய்க்குக் கொடுப்பது ஒரு வகை. நோயே இல்லாமல், சீக்கிரம் எடை ஏறட்டும் என்று தீவனத்தில் கலப்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையில்தான் ஆபத்து அதிகம். பண்ணையில் கிருமி தந்திரம் பழகும். பிறகு தண்ணீர், மண், இறைச்சி வழியாக மனிதரிடம் வரும்.

கோலிஸ்டின் என்ற மருந்து இருக்கிறது. வேறு எந்த மருந்தும் கேட்காதபோது டாக்டர்கள் கடைசியாக எடுக்கும் மருந்துகளில் ஒன்று அது. அதைக் கோழித் தீவனத்திலும் கலந்துவந்தார்கள். 2019-ல் இந்திய அரசு உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைக் கொடுக்கத் தடை போட்டது. ஆடு, மாடு, கோழி வளர்ப்பவர்கள் கால்நடை டாக்டரைக் கேட்காமல் இந்த மருந்துகளைக் கொடுக்கக்கூடாது.

சிவப்புக் கோடு

டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கக்கூடாது என்பது சட்டம். 2014 முதல் முக்கியமான சில மருந்துகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. அவற்றை விற்றால் நோயாளி பெயரையும் டாக்டர் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

2016-ல் மத்திய சுகாதாரத் துறை 'சிவப்புக் கோடு' பற்றிப் பிரசாரம் தொடங்கியது. மாத்திரை அட்டையின் ஒரு பக்கம் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருக்கும். கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது. அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மட்டும் படித்தவருக்கு அதைப் படிக்க முடியாமல் போகலாம். ஆனால் சிவப்புக் கோட்டுக்கு மொழி கிடையாது. யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கேரள அரசு 2018-ல் இதற்கென்று ஒரு செயல் திட்டம் வெளியிட்டது. 2024-ல் சீட்டு இல்லாமல் விற்கும் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்தது. ஆன்டிபயாடிக் மருந்தை நீல நிறக் கவரில் போட்டுக் கொடுக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தது. கவரைப் பார்த்தாலே வாங்குபவருக்கு எச்சரிக்கை.

சட்டம் மட்டும் போதாது. "சீட்டு எதுக்கு, மாத்திரையைக் குடு" என்று கேட்கும் வாடிக்கையாளர் மாற வேண்டும். "ஊசி போடுங்க டாக்டர்" என்று வற்புறுத்தும் நோயாளி மாற வேண்டும். கேட்டவுடன் எழுதிக் கொடுக்கும் டாக்டரும் மாற வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

டாக்டரிடம் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இது ஆன்டிபயாடிக் மருந்தா? கட்டாயம் வேண்டுமா? ஒரு நாளைக்கு எத்தனை வேளை? எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

சொன்ன அளவில், சொன்ன வேளையில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நன்றாக ஆகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்னும் நல்லது என்று நீங்களாக நீட்டிக்கவும் வேண்டாம். உடம்பில் தடிப்பு, அரிப்பு, மூச்சுத் திணறல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

மீதி மாத்திரையை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்காதீர்கள். அவருடைய நோய் வேறு. மருந்தும் வேறு. சாக்கடையிலும் கொட்டாதீர்கள். தண்ணீரில் கலந்தால் அங்கிருக்கும் கிருமிகளும் பழகிக்கொள்ளும். மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ திருப்பி வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள்.

கடையில் அட்டையை வெட்டினால் பெயரும் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பில்லையும் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

மீண்டும் அந்தக் கொட்டகை

மழைக்காலம் வந்தது. அதே கொட்டகை. இந்த முறை அப்பாவுக்குக் காய்ச்சல். உடம்பு வலி.

"கடையில போய் ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா புள்ள" என்றார்.

அம்மா அசையவில்லை. அவள் இப்போது மாலை வகுப்புக்குப் போகிறாள். தன் பெயரை எழுதுகிறாள். எண்களைப் படிக்கிறாள். ஒரு நோட்டில் மகளின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் மருந்து அட்டைகளையும் ஒட்டி வைத்திருக்கிறாள்.

"முடியாதுங்க. ஒரு நாள் கூலி போனாப் போகட்டும். எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

டாக்டரம்மா பரிசோதித்தார். இரத்தமும் பார்த்தார். டைபாய்டு இல்லை, டெங்குவும் இல்லை என்றார். "சாதாரண வைரஸ் காய்ச்சல். ஆன்டிபயாடிக் வேண்டாம். காய்ச்சல் மாத்திரை போதும். நிறையத் தண்ணி குடிங்க. மூணு நாள்ல குறையலன்னா வாங்க" என்றார்.

"ஊசிகூடப் போடலியே" என்று அப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார். நான்காம் நாள் கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அன்று அந்தக் கொட்டகையில் ஆன்டிபயாடிக் மாத்திரை ஒன்றும் வீணாகவில்லை. கிருமிக்கு ஒரு தந்திரமும் கிடைக்கவில்லை. இதை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் இப்படி வீடு வீடாகக் காப்பாற்றிய மருந்துதான் நாளை ஒரு குழந்தைக்கு நிமோனியா வரும்போது கேட்கும். பிரசவத்தில் காய்ச்சல் கண்ட ஒரு தாய்க்குக் கேட்கும்.

கிணற்றுத் தண்ணீர் ஊருக்கே பொது. ஒருவர் அழுக்காக்கினால் எல்லாருக்கும் கெடும். இந்த மருந்தும் அப்படித்தான். இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். வெட்டிய அட்டை இருக்கிறதா? அதில் சிவப்புக் கோடு இருக்கிறதா? அதை என்ன செய்யப் போகிறீர்கள்? பக்கத்து வீட்டாரோடும் பேசுங்கள்.